வளர்ந்த கிணறும் ஆதிகேசவனின் பரிவட்டமும்

ஒடுகத்தூருக்கு மேற்கே, காடு இறங்கி வந்து வயலைத் தொடுகிற இடத்தில் சேற்றுமடு என்று ஓர் ஊர். அந்த ஊரில் ஒரு கிணறு வளர்ந்துகொண்டிருந்தது. ஆழமாக அல்ல, உயரமாக. உலகத்துக் கிணறுகளெல்லாம் பூமிக்குள் போக, இது மட்டும் பூமியை விட்டு எழுந்து வந்தது.

ஆதிகேசவன் அதைக் கட்டியபோது கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். அவருடைய மூத்த மகள் வயதுக்கு வந்த வருஷம் இடுப்பளவு. அவள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தபோது மார்பளவு. கொரோனா வந்து ஊரே வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சமயத்தில், கிணறு ஒருவரையும் கேட்காமல் ஆதிகேசவனின் தலையைத் தாண்டிப் போய்விட்டது.

வளர்கிற கிணறு என்றால் சும்மாவா? அதற்குக் கிணற்றம்மன் என்று பெயராயிற்று, மஞ்சள் புடவை சுற்றியாயிற்று, சுற்றிலும் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தாயிற்று. ஆடி மாதம் திருவிழா. வேலூர் பஸ்ஸில் வருகிறவர்களை, "வளர் கெணறு எறங்கு, வளர் கெணறு எறங்கு" என்று கண்டக்டர் கூவி இறக்கிவிடுவார். திருவிழாவில் முதல் மரியாதை ஆதிகேசவனுக்கு. பூசாரி பட்டுத்துணியை அவர் தலையில் பரிவட்டமாகக் கட்டும்போது, அவர் கண்ணை மூடிக்கொள்வார். பக்தி என்று வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள். யார் யார் பொறாமைப்படுகிறார்கள் என்பதைக் கண்ணை மூடினால்தான் நிதானமாக நினைத்துப்பார்க்க முடியும் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் மனைவி தனகோடி மட்டும் அந்தக் கிணற்றைக் கும்பிட்டதே இல்லை. ஏணி போட்டு ஏறித் தண்ணீர் சேந்துகிற பெண்பிள்ளை கிணற்றைக் கும்பிடமாட்டாள். "ஊருல எல்லாரும் குனிஞ்சு தண்ணி எடுக்கறாங்க, நான் மட்டும் தென்னமரம் ஏறுற மாதிரி ஏறி எடுக்கறேன்" என்பாள்.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து எடுக்க வேண்டும். ஆதிகேசவன் வாலிபமாக இருந்தபோது அங்கே கிணறும் இல்லை, நிலக்கடலையும் இல்லை. வெறும் கருஞ்சேறுதான். மூன்று பக்கமும் குன்று. மழைத் தண்ணீர் வந்து தங்கும். அதில் கோரையும் சம்பும் முளைத்து, செத்து, மக்கக்கூடக் காற்று கிடைக்காமல் தண்ணீருக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கி, கரி மாதிரிக் கறுத்துக் கிடந்தது. எத்தனை தலைமுறைச் செத்த கோரை என்று தவளைகளைத்தான் கேட்க வேண்டும். இந்தக் கரையில் நின்று குதித்தால் அந்தக் கரையில் நிற்கிற எருமை ஆடும். அப்படி ஆடிய எருமை ஒன்று சேற்றுக்குள் போய், மூன்று மாதம் கழித்துப் பள்ளிகொண்டாவில் கரையேறியது, கழுத்து மணிகூடக் கழன்றிருக்கவில்லை என்று ஆதிகேசவன் சத்தியம் பண்ணுவார். எருமைக்குச் சொந்தக்காரர் அதை மறுத்ததில்லை. பள்ளிகொண்டா சந்தையில் ஓசைப்படாமல் அதை விற்றவர் அவர்தான்.

அணைக்கட்டு ஊர்ப் பக்கத்தில் தனகோடியைப் பெண் கேட்கப் போனபோது, அவளுடைய அப்பா, "சேத்துல பொண்ணக் குடுக்கமாட்டேன்" என்று சொல்லி, குடித்த காபியோடு அனுப்பிவிட்டார். ஆதிகேசவன் ஊருக்குத் திரும்பினார், கடப்பாரையை எடுத்தார். மடுவின் வாய்ப்பக்கம் அவருடைய பட்டா நிலம். அங்கே தொடங்கி ஓடை வரைக்கும் ஒரு வாய்க்காலை வெட்டினார். ஊர் இளவட்டங்களெல்லாம் கூட வெட்டினார்கள் என்பது ஊர்க்கணக்கு. தனி ஆளாக வெட்டினார் என்பது அவர் கணக்கு. எப்படியோ, தண்ணீர் வடிந்தது, சேறு காய்ந்தது, அடுத்த தையில் கல்யாணம் நடந்தது. ஒரு பெண்ணுக்காக ஒரு மடுவையே காயவைத்த மனிதர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவர்தான். "நானா கேட்டேன்?" என்பது தனகோடியின் நிரந்தரக் கேள்வி.

காய்ந்த கருமண்ணில் போட்ட நிலக்கடலை, போட்டவன் மிரளும்படி விளைந்தது. ஒரு காயை உடைத்தால் ஒரு பந்திக்குச் சட்னி அரைக்கலாம் என்று பேச்சு. 'வாய்க்கால் ஆதி' என்று பெயர் பரவியது. அந்தப் பெருமையில்தான் மடுவின் நடுவில் கிணறு வெட்டி, அடியில் பாறை தட்டுகிற வரைக்கும் போய், பாறைமேலிருந்து கருங்கல் அடுக்கிக்கொண்டு வந்தார். கைப்பிடிச் சுவரை எந்த மட்டத்தில் நிறுத்துவது? மடுவின் கரையில் ஒரு பாறை, அதன்மேல் பிள்ளையார் கோயில். கொத்தனார்கள் வைத்திருக்கும் நீளமான டியூபில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையைக் கோயிலின் முதல் படியிலும் மறு முனையைக் கிணற்றிலும் பிடித்து, படிக்குச் சரிமட்டமாகச் சுவரை முடித்தார்.

"ஒரு நூல் ஏறாது, ஒரு நூல் எறங்காது. என் மட்டம் புள்ளையார் மட்டம்" என்று ஒவ்வொரு ஆடித் திருவிழாவிலும் மைக்கைப் பிடித்துச் சொல்லுவார். சொன்ன கையோடு கிணறு வளர்ந்த அதிசயத்தையும் சொல்லுவார். அந்த இரண்டு பெருமையும் பல வருஷமாக ஒரே மைக்கில், ஒரே மூச்சில், ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் குடித்தனம் நடத்தின. கேட்ட ஊரும் இரண்டுக்கும் கைதட்டியது.

இதற்கிடையே வேறு சில சங்கதிகளும் நடந்தன. சித்திரை வெயிலில் எவனாவது பீடித்துண்டைப் போட்டால், தரை மேலே எரியாது, கீழே எரியும். வாரக்கணக்கில் மண் புகையும். நடந்தால் செருப்பு இளகும். "அம்மன் மூச்சு விடறா" என்றார் ஆதிகேசவன். மழைக்காலத்தில் வயலில் தண்ணீர் நின்று கடலை அழுகியது. வாய்க்காலை விட வயல் தாழ்ந்து போயிருந்தது. "வாய்க்காலை இன்னும் ஆழமா வெட்டு" என்றார். வெட்டினார்கள். அடுத்த வருஷம் கிணறு இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. மறுபடி தண்ணீர் நின்றது. மறுபடி வெட்டினார்கள். மறுபடி வளர்ந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்க ஊரில் யாருக்கும் நேரமில்லை. திருவிழா வேலை அவ்வளவு இருந்தது.

கடைசியில் வாய்க்காலின் அடியில் பாறை வந்துவிட்டது. கடப்பாரை தீப்பொறி பறக்கவிட்டதோடு சரி. வெடி வைத்துத் தகர்ப்பதா, விட்டுவிடுவதா என்று ஊர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோதுதான் ஆம்பூரிலிருந்து தபஸ்ஸும் என்ற பெண் வந்தாள்.

தபஸ்ஸும் ஒரு ஷூ கம்பெனியில் சுற்றுச்சூழல் அதிகாரி. முதலாளி ஜியாவுல்லா சாப், பாலாற்றங்கரையில் தலைமுறைகளாகத் தோல் பதனிட்ட குடும்பம். ஜெர்மனியில் அவருடைய ஷூவை வாங்குகிற கம்பெனிக்காரர், "உங்கள் ஒரு ஜோடி ஷூவுக்கு எவ்வளவு கரியமில வாயு?" என்று கேட்டுவிட்டார். ஆற்றில் என்ன கலந்தது என்று அவர் கேட்கவில்லை, ஆகாயத்தில் என்ன கலந்தது என்றுதான் கேட்டார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது வியாபார மரியாதை. ஆகாயத்துக்கு ஏதாவது நல்லது பண்ண இடம் தேடு என்று தபஸ்ஸுமை அனுப்பினார் சாப். அவள் ஜவ்வாது மலையடிவாரமெல்லாம் சுற்றி, புகைகிற மண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டு, கையில் ஓர் இரும்புக் குழாயோடு சேற்றுமடுவில் வந்து இறங்கினாள்.

குழாயை மண்ணில் இறக்கி எடுத்தாள், முகர்ந்தாள், கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு ஆதிகேசவனிடம் வந்தாள்.

"ஐயா, கெணறு வளரல. நெலம் எறங்குது."

ஆதிகேசவன் சிரித்தார். "இன்னா பாப்பா, ஆம்பூர்ல தோல் காயறதத்தானே நீ பாத்திருப்பே. மண்ணப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"இதுவும் தோலு மாதிரிதான் ஐயா. காஞ்சா சுருங்கும். இது செத்த கோரை, தண்ணிக்குள்ள இருந்த வரைக்கும் கெட்டுப்போகல. நீங்க தண்ணிய வடிச்சீங்க, காத்து உள்ள பூந்துச்சு. இப்ப மக்கி மக்கி, வாயுவா மேல போய்க்கினு கீது."

"அப்ப இத்தினி வருசத்து மண்ணும் ஆகாசத்துல கீதா?"

"ஆமா."

ஆதிகேசவன் நெற்றியில் கையை வைத்து, அண்ணாந்து, வானத்தை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் பார்த்தார். "ஒண்ணையும் காணமே."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். தபஸ்ஸும் முகம் சிவந்தாலும் விடவில்லை. வாய்க்காலை அடைத்துவிட்டால் தண்ணீர் பழையபடி நிற்கும், மண் மக்குவது நிற்கும், புகையும் நிற்கும் என்றாள். இறங்கிய நிலம் உடனே ஏறிவிடாது, இனிமேல் இறங்காது, அவ்வளவுதான் என்றாள். தண்ணீர் நின்றால் சேற்றிலிருந்து வேறு ஒரு வாயு குமிழி விடும், அதுவும் கெட்டதுதான், ஆனாலும் மொத்தத்தில் லாபம் என்று உண்மையையும் சேர்த்துச் சொன்னாள். ஓரத்தில் நெல்லும் கோரையும் போடலாம், கரை கட்டுகிற வேலை கம்பெனியுடையது என்றாள். கடலை அழுகி அழுகி வெறுத்துப்போயிருந்த ஊர், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது.

ஆனால் அடைக்க வேண்டிய இடம் ஆதிகேசவனின் பட்டாவில் இருந்தது. அவர் தலையசைக்காமல் ஒரு கூடை மண்கூடப் போட முடியாது. அவர் தலை ஏன் அசையும்? நிலம் இறங்குவது நின்றால் கிணறு வளர்வது நிற்கும். கிணறு நின்றால் அம்மன் போவாள், ஆடி போகும், அந்தத் தலையில் கட்டுகிற பட்டுத்துணியும் போகும். ஊருக்குப் பிரச்சினை கடலை. ஜியாவுல்லா சாபுக்குப் பிரச்சினை ஜெர்மனி. ஆதிகேசவனுக்குப் பிரச்சினை பரிவட்டம்.

பிள்ளையார் கோயிலில் ஊர் கூடியது. திருவிழாவை நடத்துகிற நந்தகோபால்தான் பேச்சைத் தொடங்கினார். நந்தகோபாலுக்கு அந்தப் பரிவட்டத்தின்மேல் எவ்வளவு நாளாகக் கண் என்பது ஊருக்கே தெரியும்.

"ஆதி, பாப்பா சொல்றது நியாயமா படுது. அடச்சுடலாமா?"

"வெடி வைடா. பாறைய ஒட. அம்மன் வளர்றத எவனாவது அடப்பானா?"

"அம்மன் வளர்றாளா, நாம எறங்குறோமான்னுதானே இப்ப கேள்வி."

ஆதிகேசவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை உதறி, தன் வாழ்நாளின் மிகப்பெரிய சவாலை விட்டார். "கெணறு வளரலன்னு ரூபிச்சுட்டா, இதே கையால நானே வாய்க்கால அடைக்கறேன். ரூபி பாக்கலாம்!"

தபஸ்ஸும் உதட்டைக் கடித்து யோசித்தாள். செயற்கைக்கோள், வரைபடம் என்று ஏதோ ஆரம்பித்தாள். ஊர் கொட்டாவி விட்டது. அப்போது பின்வரிசையிலிருந்து தனகோடியின் குரல் வந்தது.

"அத்தெல்லாம் எதுக்கும்மா? வருசா வருசம் மைக்குல கத்துறாரே, புள்ளையார் மட்டம், புள்ளையார் மட்டம்னு. டியூபக் கொண்டாந்து புடிச்சுப் பாத்தா போச்சு. வளந்திருந்தா படிய விட மேல போயிருக்கும். வளரலன்னா படிக்கு சமமா நிக்கும்."

எல்லாரும் ஒரேயடியாகப் பேசினார்கள். இத்தனை வருஷம் கைதட்டிய கைகள் எல்லாம் இப்போது டியூபைத் தேடி ஓடின.

கொத்தனார் வீட்டிலிருந்து டியூப் வந்தது. தண்ணீர் நிரப்பினார்கள், குமிழி போகத் தட்டினார்கள். ஒரு முனையை நந்தகோபால் கோயில் படியில் பிடித்தார். மறு முனையைக் கொத்தனார் கையில் வைத்துக்கொண்டு தனகோடியின் ஏணியில் ஏறினார். தண்ணீர் இந்தப் பக்கம் ஏறியது, அந்தப் பக்கம் இறங்கியது, இரண்டு தடவை ஆடியது, நின்றது.

இந்தப் பக்கம் படியின் விளிம்பு. அந்தப் பக்கம் கிணற்றின் விளிம்பு. ஒரு நூல் ஏறவில்லை, ஒரு நூல் இறங்கவில்லை.

கொத்தனார் ஏணியிலிருந்தே ஒரு பட்டையைச் சுரண்டினார். பெயிண்ட் உதிர்ந்தது. மேலே முழங்கால் உயரத்துக்கு அந்தக் காலத்துச் சிமெண்ட் பூச்சு, அதற்குக் கீழே மண்ணுக்குள் இருக்க வேண்டிய பூசாத கருங்கல், தரை வரைக்கும். ஆடை அவிழ்ந்த மாதிரி நின்றது கிணறு.

ஊர் ஆதிகேசவனைப் பார்த்தது. ஆதிகேசவன் கிணற்றைப் பார்த்தார், படியைப் பார்த்தார். வேர்த்தது. ஆனால் பள்ளிகொண்டாவில் எருமையைக் கரையேற்றிய வாய் அல்லவா அது? சும்மா இருக்குமா?

"அப்ப கோயிலும் வளந்துகீது" என்றார்.

"இன்னாது?"

"கெணறு வளர வளர, புள்ளையாரும் கூடவே வளந்துகீறாரு. அம்மன் ஒசந்தா புள்ள கீழயா இருப்பான்?"

பாதிக் கூட்டம் அதை நம்பத் தயாராகவே இருந்தது. பூசாரி கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்தார். தனகோடிதான் விடவில்லை.

"கெணறு வளந்துச்சு. கோயிலு வளந்துச்சு. கோயிலு பாறைமேல கீது, பாறையும் வளந்துச்சு. அதுக்குப் பின்னாடி மலை, மலையும் வளந்துச்சு. எல்லாம் வளந்து, நாம மட்டும் நின்ன எடத்துலயே நின்னா, அதுக்குப் பேருதான்யா எறங்கறது."

சிரிப்பு எழுந்தது பாருங்கள், மேலே காட்டில் குரங்குகள் மரம் மாறின. நந்தகோபால் டியூபைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தபஸ்ஸும் முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள்.

ஆதிகேசவனுக்கு அப்போது ஒரு கணக்கு ஓடியது. கிணறு வளர்ந்தது என்று சாதித்தால், தன் மட்டம் தப்பு என்றாகும். மட்டம் சரி என்றால், கிணறு வளரவில்லை என்றாகும். அம்மன் சாமி, அவளுக்கு ஊரில் வேறு ஆள் கிடைக்கும். மட்டம் அவர் கைவேலை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தோற்றவர் மாதிரியே இல்லாமல், "பாத்தீங்களாடா? இத்தினி வருசம் கழிச்சு ஒரு நூல் தப்பல. எவன் கட்டுவான் இப்படி?" என்றார். சொன்ன சொல்லுக்கு, மறுநாள் காலையில் அதே கடப்பாரையோடு போய் வாய்க்கால் வாயில் முதல் கல்லைப் புரட்டிப் போட்டதும் அவர்தான்.

மழை வந்தது. மடு நிறைந்தது. தவளைகள் எங்கிருந்தோ சொந்தபந்தத்தோடு குடியேறின. அடுத்த சித்திரையில் புகை எழவில்லை. கிணற்றுக்குப் போக ஜியாவுல்லா சாப் ஒரு பலகைப் பாலம் போட்டுக் கொடுத்தார். ஜெர்மனிக்காரர் பார்க்க வரும்போது ஷூ நனையக்கூடாது என்பதற்காகப் போட்டது அது. பாலம் கிணற்று விளிம்புக்குச் சற்றுக் கீழே ஓடியதால், தனகோடி ஏணியை அடுப்புக்கு வெட்டிவிட்டாள். ஆம்பூர்க் கம்பெனியின் விளம்பரப் பலகை கரையில் நின்றது: பச்சை இலை, நீல வானம், ஒரு ஷூ. வாய்க்காலை அடைத்தவர் பெயர் அதில் இல்லை. முதலில் வெட்டியவர் பெயரும் இல்லை, அந்த மட்டுக்கும் நல்லது.

ஆடி வந்தது. ஆதிகேசவன் அதிகாலையிலேயே குளித்து, வேட்டியை நீலம் போட்டு உடுத்தி, தலைமயிரைப் பரிவட்டத்துக்குத் தோதாக எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்து நின்றார். நந்தகோபால் தொண்டையைக் கனைத்தார்.

"ஆதி, கோச்சுக்காதே. கெணறு வளந்ததுக்குத்தான் உனக்கு மொத மரியாதை. இப்பதான் வளரலன்னு ஆய்ப்போச்சே. இந்த வருசம் ஜெர்மனியிலிருந்து அந்த தொர வந்துகீறாரு. அவருக்குக் கட்டலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

ஜெர்மனிக்காரர் பாலத்தின்மேல் நின்று, தவளைகளைப் போட்டோ பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ஜியாவுல்லா சாப், வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஊர் வழக்கத்தில் தலையிடாத பெரிய மனிதராகப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

ஆதிகேசவன் வீட்டுக்குப் போனார். கடப்பாரையோடு வெளியே வந்தார். நேராக வாய்க்கால் வாய்க்குப் போய், அடைத்த கரையின்மேல் ஏறி, தான் புரட்டிப்போட்ட முதல் கல்லின் இடுக்கில் கடப்பாரையை நட்டுக்கொண்டு நின்றார்.

"கட்டுங்கடா தொரைக்கு! நல்லா இறுக்கிக் கட்டுங்க! ஒரே நெம்பு. சாயங்காலத்துக்குள்ள மடு காலி. அப்புறம் தொரைய ஜெர்மனிக்குப் போயி எல்லாப் புகையையும் எண்ணச் சொல்லு!"

"ஐயா, ஐயா, வேணாம்!" என்று தபஸ்ஸும் சேற்றில் ஓடிவந்தாள். பின்னாலேயே ஜியாவுல்லா சாப், பளபளக்கிற சொந்தக் கம்பெனி ஷூவோடு முழங்கால் வரை புதைய ஓடிவந்தார். "பெரியவரே, இன்னா வேணும் உங்களுக்கு, சொல்லுங்க!"

"எங்கிட்ட இன்னாத்துக்கு பாய் கேக்கறீங்க? தலையப் பாருங்க. காலியா கீது."

சாப் திரும்பி நந்தகோபாலைப் பார்த்த பார்வையில் பட்டுத்துணி தானாகவே பறந்து வந்தது. கரைமேல், தவளைச் சத்தத்துக்கு நடுவில், ஒரு கையால் கடப்பாரையைப் பிடித்தபடியே ஆதிகேசவன் தலையைக் குனிந்து கொடுத்தார். பூசாரி பரிவட்டம் கட்டினார். விஷயம் புரியாத ஜெர்மனிக்காரர் நெகிழ்ந்துபோய், இந்த நீர்நிலையைப் பரம்பரையாகக் காக்கிற காவலர் என்று அவரையும் ஒரு போட்டோ பிடித்தார். அந்தப் படம் இப்போது ஷூ பெட்டிக்குள் வைக்கிற அட்டையில் உலகமெல்லாம் போகிறது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஆடி வந்தால் ஆதிகேசவன் கடப்பாரையோடு கரைமேல் ஏறுவார், ஊர் மேளத்தோடு வந்து பரிவட்டம் கட்டும், அவர் கடப்பாரையைச் சாய்த்து வைப்பார். மடு இன்னும் ஒரு வருஷத்துக்கு நிறைந்திருக்கும்.

அப்படிக் கரைமேல் ஏறிய முதல் வருஷம், பட்டுத்துணி கட்டிய தலையோடு வீட்டுக்கு வந்தவரை, பலகைப் பாலத்தில் குடத்தோடு வந்துகொண்டிருந்த தனகோடி நிறுத்தி, மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆக, நீ ஒண்ணும் பண்ணாம சும்மா கெடக்கறதுக்கு ஊரே கூடி மரியாதை பண்ணுது."

"பின்ன?" என்றார் ஆதிகேசவன், கண்ணை மூடிக்கொண்டு.

"கல்யாணமான நாள்லேர்ந்து நானும் சும்மா கெடன்னுதானேய்யா உன்கிட்ட கேட்டுகினு கீறேன்" என்று சொல்லி, நிறைகுடத்தை அவர் இடுப்பில் ஏற்றிவிட்டு, கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள்.